குடிநீருக்கு மானியம் கேட்டவர்களின் அனுபவங்கள்: பினாங்கு

நிபோங் திபால் உறுப்பினர்:

மானியம் என்றாலே பணம்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தோட்டத்துக் குடிநீருக்காக மானியம் கேட்ட எங்கள் கோயில் நிர்வாகத்துக்குப் பணம் தர ஆள் இருந்தது. தண்ணீர் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

தென் செபராங் பிறையில் ஒரு பழைய தோட்டம், பெயர் வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, முதலாளியும் மாறினார். லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்கள். தோட்ட வாசலில் உள்ள மீட்டர் வரை நல்ல தண்ணீர்தான் வருகிறது. அதைத் தாண்டினால் துருப்பிடித்த இரும்புக் குழாய், நிலத்துக்காரரின் சொத்து; அதில் கைவைக்க அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். விடியற்காலையில் திறந்தால் பழுப்பாகக் கொட்டும். வெள்ளை வேட்டியை அந்தத் தண்ணீரில் துவைக்க முடியாது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்நீர் தர வேண்டும் என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டு 446ஆவது சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலையிலிருந்து நின்றவர் தொழிலாளி அல்லரே! மானியம் தருபவர், "முதலாளி செய்ய வேண்டியதற்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்கிறார். முதலாளி தரப்போ, "அவர்கள் இப்போது எங்கள் ஆட்கள் இல்லை" என்று கைவிரிக்கிறது. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. இதற்கிடையில் அங்கே ஒரு பாட்டி குழாய் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் எழுதிய உருக்கமான கடிதங்களை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் ஆய்வறிக்கையைப் படித்தார்கள். இரும்புச் சத்துக்கு நம் நாட்டில் வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், எங்கள் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் கவனிக்கவும்: ஆய்வுக்கூடத்தில் தரும் போத்தலுக்குள் கொஞ்சம் மருந்து இருக்கும். அது தண்ணீரில் உள்ள குளோரினை முறிப்பதற்கானது. அழுக்கு என்று நினைத்து அலசிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயை நெருப்பில் காட்டி, சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். ஆய்வுக்கூடம் தீவில் இருந்தால் பாலத்து நெரிசலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ்டவுன் உறுப்பினர்:

அண்ணா, நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் எங்களையும் படாதபாடு படுத்தியது. சங்கப் பதிவு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு எல்லாம் கையில் இருந்தும் அந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தோம்.

எங்கள் வேலை பேராக் மலைப்பக்கத்தில் ஓர் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கம்பத்தில், அதாவது கிராமத்தில். மேலே ஓடையில் சிறிய தடுப்புக் கட்டி, பம்பு இல்லாமல் சரிவிலேயே குழாய் வழியாகத் தண்ணீர் இறக்கும் திட்டம். முதலில் ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தைப் பார்த்தோம். அதற்குத் திட்டச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும், வேறொரு நாட்டு ரோட்டரி சங்கமும் சேர வேண்டும், கம்பத்தின் தேவையை முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும். சிறிய கம்பத்துக்காகச் செலவை ஊதிக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு அவர்களின் மாவட்ட மானியமே தோது.

கம்பத்துத் தலைவரான தோக் பாத்தின் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: மழைக்குப் பிறகு தடுப்பில் இலை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை! குழாய், தொட்டி, சிமெண்ட் என்று கட்டுவதற்குத்தான் பணம் தருகிறார்கள். கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டும் சரியாகக் கிருமி சாகாது. மணல் வடிகட்டியைத் தொடர்ந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். அங்குள்ள பெண்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதப் பணம் பிரிக்கிறார்கள். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கணக்கு. பணம் தராதவர்கள் தடுப்பைச் சுத்தம் செய்யப் போக வேண்டும், அவர்கள் பெயருக்கு எதிரே ஓர் இலைப் படம். அந்த நோட்டின் நகலை அடுத்த விண்ணப்பத்தோடு இணைத்தோம். மற்றத் தாள்களை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

பட்டர்வொர்த் உறுப்பினர்:

குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஒரு சொல். நிபோங் திபால் தம்பி, இரும்பை மட்டும் பேசினால் "நிறம்தானே, குடித்தால் ஒன்றும் ஆகாது" என்று தள்ளிவிடுவார்கள். துரு குளோரினைத் தின்றுவிடும். குழாய்க் கடைசியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும். கடைசி லயத்தில் கடைசி வீட்டுக் குழாயில் சோதித்துப் பாருங்கள். குளோரின் சோதனை மருந்து போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால் கிருமிச் சோதனையும் செய்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். 100 மில்லிலிட்டரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நிபோங் திபால் உறுப்பினர்:

நன்றி ஐயா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் சாலையில் பந்தல் போடக் கேட்டால் நம் ஆட்கள் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். லயத்துக்கு மாதம் சில ரிங்கிட் என்றால் முகம் சுருங்குகிறது. ஆனாலும் அந்த நோட்டுப் புத்தக யோசனையை நிர்வாகக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். முதலாளி தரப்பு சம்மதக் கடிதம் தருவதாக வாயால் சொல்லியிருக்கிறது. தாள் இன்னும் கைக்கு வரவில்லை. கடைசி வீட்டுச் சோதனைக்கு நீங்களே ஒரு முறை வர முடியுமா? வண்டி அனுப்புகிறோம்.