யுபிஎஸ்-ல் (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) இருக்கும்போது 20 வருஷ சர்வீஸில் விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) கொடுத்தால் பென்ஷன் எப்போது வரும்?

மானாமதுரை பிஏ:
தபால் துறையில் போஸ்டல் அசிஸ்டென்ட். 2005 ஆகஸ்ட் 1-ல் சேர்ந்தேன். பிறந்தது 1978 செப்டம்பர். பேசிக் 52,000. கெடு முடிவதற்குள் யுபிஎஸ்-க்கு மாறிவிட்டேன். நடுவில் சொந்தக் காரணத்துக்காக 8 மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன், மெடிக்கல் சர்டிபிகேட் வைக்கவில்லை. 2026 டிசம்பர் 31-ஓடு விருப்ப ஓய்வில் போக எண்ணம். கைக்கு என்ன வரும், எப்போது வரும்? விவரம் தெரிந்த தோழர்கள் சொல்லவும்.

கணக்குப்பிள்ளை:
தோழர், பலரும் கவனிக்காமல் விடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். யுபிஎஸ்-ல் விருப்ப ஓய்வு பெற்றால் மாதத் தொகை மறுமாதமே வராது. நீங்கள் 60 வயதில் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பீர்களோ, அதற்குப் பிறகுதான் தொடங்கும். உங்கள் விஷயத்தில் அது 2038 அக்டோபர். நடுவில் 11 வருஷம் 9 மாதம் மாத வருமானம் இல்லை.

தொகையும் முழுசாகக் கிடைக்காது. கடைசி 12 மாத பேசிக் சராசரியில் பாதி வேண்டுமானால் 300 மாதம் சர்வீஸ் இருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்ததிலிருந்து 2026 டிசம்பர் வரை 257 மாதம். சர்டிபிகேட் இல்லாத அந்த 8 மாதம் தகுதிப் பணிக்காலத்தில் சேராது, ஆக 249. சராசரியும் 52,000 என்றே வைத்தால் 26,000 x 249 / 300 = 21,580 ரூபாய். அகவிலை நிவாரணம் அந்தத் தொகை வரத் தொடங்கிய பிறகுதான்.

போகும்போதே கிடைப்பவை: பணிக்கொடை, ஈட்டிய விடுப்புச் சம்பளம், குரூப் இன்சூரன்ஸ், ஒவ்வொரு முழு ஆறு மாதத்துக்கும் பேசிக்கும் டிஏ-வும் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. 249 மாதத்தில் முழு ஆறு மாதங்கள் 41, ஆகவே அது 4.1 மடங்கு. பணிக்கொடையில் மிச்சம் 3 மாதம் இருந்தாலே ஒரு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு மிச்சம் சரியாக 3 மாதம், அதனால் 42 அரையாண்டு, ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு வீதம் 10.5 மடங்கு. ஒரு மாதம் முன்னால் கிளம்பினால் 10.25 ஆகிவிடும்.

கார்பஸில் (உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும் நிதி) 60 சதவீதம் எடுக்கலாம் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். எடுத்தால் மாதத் தொகையும் அதே விகிதத்தில் இறங்கும். 21,580 என்பது 8,632 ஆகிவிடும். தயவுசெய்து அவசரப்பட்டு அதில் டிக் போடாதீர்கள்.

மானாமதுரை பிஏ:
12 வருஷம் சும்மா இருப்பது நடக்காது சார். திரும்ப என்பிஎஸ்-க்கு (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போக வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
உண்டு, ஒரே ஒரு முறை. விருப்ப ஓய்வு என்றால் ஓய்வுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விருப்பம் கொடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு யுபிஎஸ் பக்கம் திரும்ப முடியாது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலும் இந்த வசதி கிடையாது.

என்பிஎஸ்-ல் 20 வருஷம் முடித்து விருப்ப ஓய்வு பெற்றால் 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு உள்ள அதே பலன்: 60 சதவீதம் வரை கையில், குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யூட்டி (காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் தரும் தொகை), அதுவும் உடனே. பணிக்கொடை இதிலும் உண்டு. ஆன்யூட்டிக்கு டிஏ ஏறாது என்பது பெரிய குறைதான். ஆனாலும் 48 வயதில் வேறு வருமானம் இல்லாமல் வெளியே வருபவருக்கு இதுதான் சரி என்பேன். வீட்டில் இன்னொரு சம்பளம் நிலையாக வருகிறதென்றால் மட்டும் யுபிஎஸ்-ஐப் பற்றி யோசிக்கலாம். இடையில் உங்களுக்கு ஏதாவது ஆனால், துணைவருக்குக் குடும்பத் தொகை இறந்த தேதியிலிருந்தே உண்டு; 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன்:
நடைமுறை பற்றி. நோட்டீஸுக்கு முன்னால், 20 வருஷம் முடிந்ததா என்று டிவிஷனல் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியில் "முடிஞ்சிருச்சு" என்பதை நம்பி நோட்டீஸ் கொடுத்தால், பிறகு சர்வீஸ் புக்கைப் புரட்டும்போது சம்பளமில்லா விடுப்பும் 'டைஸ் நான்' (சர்வீஸில் சேராத) நாட்களும் வெளியே வரும். ஜிடிஎஸ்-ஆக (கிராமிய டாக் சேவக்) இருந்த காலத்தையும் சேர்த்து எண்ணாதீர்கள், துறை அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து என்பிஎஸ் விருப்பம். அதன் ஒப்புதல் நகல் கைக்கு வந்த பிறகே விஆர்எஸ் நோட்டீஸ். இரண்டுக்கும் மூன்று மாதம்தான் கெடு என்பதால் செப்டம்பர் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். ஜூலையிலேயே தொடங்கினால் நிம்மதி.

நோட்டீஸ் நியமன அதிகாரிக்கு முகவரியிட்டு இருக்க வேண்டும். மூன்று மாதம் என்பது அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல. நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். கெடு முடிவதற்குள் மறுத்து உத்தரவு வராவிட்டால் ஓய்வு தானாகவே நடைமுறைக்கு வந்துவிடும். மனம் மாறினால் ஓய்வுத் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பே திரும்பப் பெறக் கேட்கலாம், ஆனால் அதிகாரி சம்மதிக்க வேண்டும்.

கடிதத்தில் எங்கேயும் 'ராஜினாமா' என்ற சொல் வரவே கூடாது. ராஜினாமா என்றால் முந்தைய சர்வீஸ் பறிபோகும், பணிக்கொடை போகும், என்பிஎஸ்-லும் 80 சதவீதம் ஆன்யூட்டிக்குப் போய்விடும்.

பழைய பென்ஷன்காரன்:
குறுக்கே ஒரு கேள்வி. 2002-ல் சேர்ந்து பழைய பென்ஷனில் இருக்கும் எங்களுக்கு? விருப்ப ஓய்வில் சர்வீஸோடு கூட்டித் தரும் 5 வருஷ வெயிட்டேஜ் இன்னும் இருக்கிறதா?

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன்:
மத்திய அரசில் ஆறாவது ஊதியக் குழுவோடு வெயிட்டேஜ் போய்விட்டது சார். ஆனால் பென்ஷன் குறையாது, முழு பென்ஷனுக்கு 33 வருஷம் வேண்டும் என்ற கணக்கும் அதோடுதான் போனது. கடைசிச் சம்பளம் அல்லது 10 மாத சராசரி, இதில் எது அதிகமோ அதில் பாதி, ஓய்வு பெற்றதிலிருந்தே வரும். பணிக்கொடை மட்டும் சர்வீஸுக்குத் தக்கபடி. மூன்று மாதத்துக்கும் குறைவான நோட்டீஸில் போகக் கேட்டால், அந்த மூன்று மாதம் முடியும்வரை கம்யூட்டேஷனுக்கு (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறுவது) விண்ணப்பிக்க முடியாது. கடன் அடைக்க அந்தப் பணத்தை நம்பியிருந்தால் முழு நோட்டீஸே கொடுங்கள்.