முன்னுரிமை வேண்டாம், முதல் மரியாதை இருக்கிறது

வணக்கம். ஐரோப்பிய அரசர்களின் தூதர்களில் யாருக்கு முதலிடம் என்ற சண்டைகளைப் பற்றிய தமிழ் வரைவில், 'பிரிசிடென்ஸ்' (precedence) என்பதற்கு 'முதல் மரியாதை' என்று போடலாம் என்றேன். அதற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'பிரிசிடென்ஸ்' என்பதற்கு 'முன்னுரிமை' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ரேஷன் அட்டைக்குப் போய்விட்டது. முன்னுரிமை என்றாலே அவசரமானது, முதலில் கவனிக்கவேண்டியது என்றுதான் இன்று படிக்கிறோம். ஐரோப்பிய அரசர்களின் தூதர்கள் பாப்பரசர் முன்னால் மோதிக்கொண்டது அவசரத்துக்காக அல்ல. யார் எங்கே உட்காருவது, தூபம் யாருக்கு முதலில் என்பதுதான் சண்டை.

ட்ரென்ட் நகரில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 1563 ஜூன் 29, புனித பேதுரு திருநாள். பேராலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று உள்ளறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, கர்தினால்களுக்கும் அவர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த மறைமுதுவர்களுக்கும் (பேட்ரியார்க்) நடுவே போடுகிறார்கள். ஸ்பெயின் தூதர் லூனா பிரபு வந்து அதில் உட்காருகிறார். பிரெஞ்சுக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். தூபக்கலசம் இரண்டு, பூசையில் முத்தமிடக் கொடுக்கும் சமாதானத் தகடு இரண்டு, இரு தூதர்களுக்கும் ஒரே நேரத்தில் நீட்டிவிடலாம் என்பது ஏற்பாடு. அதற்கும் பிரான்ஸ் சம்மதிக்கவில்லை: எங்களுக்குச் சமமாக இன்னொருவரா? கடைசியில் யாருக்கும் தூபமில்லை, தகடுமில்லை என்று பூசையை முடித்தார்கள்.

இதைப் படித்ததும் நம் ஊர்க்காரர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று திருவிழா நின்றுபோன ஊர்கள் நமக்குத் தெரியாதா? அதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: முதல் மரியாதை.

> அது கோயில் வாடை அடிக்கும் சொல். சாதிச் சண்டையும் கூடவே வரும்.

வரட்டும் என்கிறேன். இந்தச் சண்டையும் கோயிலுக்குள் நடந்ததுதானே. மரியாதை போனால் குலப்பெருமையே போய்விடும் என்ற அந்தப் பதைப்பு 'முந்துநிலை' போன்ற ஆய்வகச் சொல்லில் ஏறாது.

இத்தனைக்கும் அந்தச் சண்டைக்குக் காரணம் சின்னதல்ல. ஐந்தாம் சார்லஸ் ஸ்பெயினுக்கு அரசர் மட்டுமல்ல, புனித ரோமானியப் பேரரசரும்கூட. பேரரசருக்குத்தான் முதலிடம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அந்த நிழலில் ஸ்பெயினும் முன்னால் நின்றது. அவர் பதவி துறந்தபோது ஸ்பெயின் மகன் இரண்டாம் பிலிப்புக்குப் போனது, பேரரசர் பட்டம் தம்பி பெர்டினாண்டுக்குப் போனது. பிலிப்பிடம் நிலமும் வெள்ளியும் படையும் மற்ற எவரையும்விட அதிகம். மரியாதை மட்டும் பிரான்சுக்குப் பின்னால். அந்த எரிச்சலைத் தீர்க்கவேண்டியவர் பாப்பரசர் நான்காம் பயஸ். திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தக்காரர்களுக்கு (புராட்டஸ்டன்ட்) எதிராக இரண்டு அரசர்களுமே அவருக்கு வேண்டும். பிரான்சைப் பகைத்தால் அதுவும் இங்கிலாந்துபோலக் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வேறு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது. பேரரசர், பிரான்ஸ், ஸ்பெயின் என்று போகும் அடுக்கை 'மரியாதை வரிசை' எனலாம். அதில் போட்டியிடும் இருவரில் முந்துகிறவர் பெறுவது 'முதல் மரியாதை'. சண்டையை 'மரியாதைத் தகராறு' என்றே எழுதுவேன். 'தகராறு' தமிழ்ச்சொல் இல்லை என்பவர்கள் 'பிணக்கு' போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 1661-இல் லண்டன் தெருவில் இதே இரண்டு நாட்டுத் தூதர்களின் ஆட்கள் தங்கள் தூதரின் வண்டியை முந்தவிடுவதற்காக வெட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் அறுத்துவிடக் கூடாது என்று ஸ்பெயின்காரர் குதிரைகளைத் தோல்வாருக்குப் பதில் சங்கிலியால் பூட்டியிருந்தார்களாம். அதைப் பிணக்கு என்றால் ஊடல்போல இருக்கிறது.

இன்னொன்று, வரைவில் பாப்பரசரின் தூதர் வருமிடமெல்லாம் 'திருத்தூதர்' என்று இருக்கிறது. அது இயேசுவின் சீடர்களுக்கு உரிய சொல். 'திருப்பீடத் தூதர்' என்று மாற்றிவிடுங்கள்.

மாதிரிக்கு ஒரு வாக்கியம்: "1564-இல் பயஸ் பிரான்சுக்கே முதல் மரியாதை என்று தீர்ப்புச் சொன்னார், ஸ்பெயின் தூதர் ரெக்கேசென்ஸ் ரோமைவிட்டுக் கிளம்பிவிட்டார்." இதில் 'முன்னுரிமை'யைப் போட்டுப் படித்துப் பாருங்கள், அவர் ஏன் கிளம்பினார் என்றே புரியாது.