பொருள்: எயார்லைன்ஸ் போடும் ‘அவார்ட் ரீஜன்’ – பிராந்தியம் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்.

விமானப் பயணச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில் இப்போது ‘அவார்ட் ரீஜன்’. பறக்கப் பறக்க நம் கணக்கில் சேரும் புள்ளியைத்தான் மைல் என்கிறோம்; எயார்லைன்ஸ்காரர் நாடுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போக இத்தனை மைல் என்று விலை போடுகிறார்களே, அந்தக் கூட்டம்தான் இது. இதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: விருதுப் பிராந்தியம், மீட்பு மண்டலம், வெகுமதிப் பகுதி. ஹட்டன் டவுனில் டிக்கெட் போடும் வேலை பார்க்கிறவன் நான். இந்த மூன்றில் எதையும் கவுன்டருக்கு வருகிற ஆளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

முதலில் ‘விருது’. விருதுச் சீட்டு என்றால் கலாபூஷணம் பட்டம் வாங்கிய கலைஞருக்கு அரசாங்கம் கொடுக்கிற டிக்கெட் என்றுதான் நினைப்பார்கள். இது பறந்து பறந்து சேர்த்த மைலைக் கொடுத்து வாங்குகிற சீட்டு, யாரும் கௌரவிக்கவில்லை. ‘வெகுமதி’க்கும் இதே பதில்தான். ‘மீட்பு’ அதைவிட மோசம். மீட்பு மண்டலம் என்று இங்கே சொல்லிப் பாருங்கள், மண்சரிவு நடந்த இடத்தில் இராணுவம் கயிறு கட்டி நிற்பதுதான் கண்முன் வரும். (மண்டலம் என்றால் எங்கள் பக்கம் சாமிமார் மாலை போட்டு விரதம் இருக்கும் நாள் கணக்கும்கூட. அது தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் தெரியும்.)

சரி, இதெல்லாம் சின்ன விசயம். ‘பிராந்தியம்’தான் உண்மையான சிக்கல், ஏனென்றால் அது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய் சொல்கிறது. பிராந்தியம் என்றதும் பூகோள வரைபடம் ஞாபகம் வருகிறது. எயார்லைன்ஸ்காரர் போடுகிறது வரைபடம் இல்லை, விலைப்பட்டியல். யுனைட்டட் எயார்லைன்ஸ் 2019இல் தன் பட்டியலைத் தூக்கும்வரை அதில் இலங்கை எந்த இடத்தில் இருந்தது தெரியுமா? ‘மத்திய ஆசியா’வில், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தானோடு. இந்தியாவும் மாலைதீவும் அங்கேதான். அதே பட்டியலில் ‘தென்னாசியா’ என்று ஒன்றும் இருந்தது, அதற்குள் இருந்தவர்கள் தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இப்படி எழுதினால் புவியியல் டீச்சர் சும்மா விடமாட்டார்.

அமெரிக்கன் எயார்லைன்ஸ் வேறு மாதிரி. அவர்களுக்கு மத்திய கிழக்கும் இந்தியத் துணைக்கண்டமும் சேர்ந்து ஒரே பெட்டி. ஆனால் தென் அமெரிக்காவை இரண்டாக வெட்டி வைத்தார்கள், அந்த வெட்டு பிரேசிலுக்கு நடுவால் போனது: மனாஸ் நகரம் மட்டும் பெரு, கொலம்பியாவோடு ஒரு பக்கம், மீதிப் பிரேசில் முழுக்க ஆர்ஜென்டினாவோடு மறுபக்கம். சிங்கப்பூர் எயார்லைன்ஸ் பட்டியலில் அவுஸ்திரேலியாவில் பேர்த்துக்கு ஒரு விலை, சிட்னிக்கு இன்னொன்று. ஹவாய் அமெரிக்காவின் மாநிலம்தான், அதையும் பல பட்டியல்களில் தனியே பிரித்திருக்கிறார்கள். ஒரே நாடு இரண்டு பெட்டியில் கிடக்கிறபோது அதைப் பிராந்தியம் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் தேயிலையையும் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ கொழுந்தெல்லாம் தூளாகி வெளியே போகும்போது ‘திம்புள்ள’ என்ற பெயரில் போகிறது. அப்படி ஒரு மாவட்டம் கிடையாது, நிர்வாகக் கணக்கில் இதெல்லாம் நுவரெலியா மாவட்டம். வியாபாரத்துக்காக வைத்த பெயர், வியாபாரத்துக்குச் சரி.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எயார்லைன்ஸ்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா (IATA) உலகத்தை மூன்று பரப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது: அமெரிக்காக்கள் ஒன்று, ஐரோப்பா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு இரண்டு, ஆசியாவும் பசிபிக்கும் மூன்று. அந்தக் கணக்கில் கொழும்பு மூன்றாம் பரப்பு, டோஹா இரண்டாம் பரப்பு. அமெரிக்கன் பட்டியலில் இரண்டும் ஒன்று. (ஐயாட்டாவும் ஒழுங்கில்லை, அவர்கள் கணக்கில் மொரோக்கோ ஐரோப்பா.) ஆகவே ஐயாட்டா பிரிவுக்கு ஒரு சொல், மைல் பட்டியல் பிரிவுக்கு வேறு சொல் கட்டாயம் வேண்டும். முதலாவதுக்குப் ‘பரப்பு’ போதும் என்பது என் எண்ணம்.

இது ஏட்டுப் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். பொகவந்தலாவயில் இருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மகன் டெக்சாஸில், அமெரிக்கனில் மைல் சேர்த்து வைத்திருக்கிறார். அமெரிக்கன் இருக்கிற வன்வேர்ல்டு என்ற எயார்லைன்ஸ் கூட்டணியில் ஸ்ரீலங்கனும் 2014இல் சேர்ந்ததால் அந்த மைலில் ஸ்ரீலங்கன் விமானத்தில் போகலாம். அம்மாவுக்குச் சென்னை போக ஆசை. மகன் அனுப்பிய பட்டியலைப் போனில் காட்டினார், அதில் சென்னைக்கும் டோஹாவுக்கும் ஒரே எண். “ஒரு மணித்தியாலத்துல போற மெட்ராஸுக்கும் அந்தத் தூரத்துக்கும் ஒரே மைலா தம்பி? யாரு போட்ட கணக்கு இது?” ‘ஒரே பிராந்தியம் அக்கா’ என்று நான் சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? ‘ஒரே வலயம்’ என்றேன், உடனே பிடித்துக்கொண்டார். கல்வி வலயம், சுதந்திர வர்த்தக வலயம் என்று காதில் விழுந்த சொல்தானே, யாரோ அலுவலகத்தில் இருந்து கோடு போட்டுப் பிரித்தது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. மகனிடம் ஏவியோஸ் (பிரிட்டிஷ் எயார்வேஸ் போன்றவர்கள் கொடுக்கிற புள்ளி) இருந்தால் அது தூரக் கணக்கு, சென்னை மலிவாக வரும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஆகவே என் பரிந்துரை: செலவு வலயம். செலவு என்பது மைல் செலவு. பழந்தமிழில் செலவு என்றால் பயணமும்தான், தலைவன் புறப்படாமல் நின்றுவிடுவதைச் செலவழுங்குதல் என்பார்கள். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகிறது.

– ஹட்டனிலிருந்து

---

தம்பிக்கு,

வலயம் நல்லது, பிராந்தியத்தை விட்டுவிடலாம். ஆனால் செலவு வலயத்தில் எனக்குத் தயக்கம். உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளைகளுக்குச் செலவு என்றதும் செலவு மையம்தான் ஞாபகம் வரும், ஏதோ கம்பனியின் உள்கணக்கு என்று எண்ணிவிடுவார்கள். செலவழுங்குதல் எனக்கும் பிடிக்கும், ஆனால் அது தெரிந்தவர்கள் டிக்கெட் வாங்க வருகிறவர்களில் எத்தனை பேர்? நேரே ‘மைல் வலயம்’ என்றால் என்ன?

– பதுளையிலிருந்து

---

டீச்சர், கணக்கீடு விசயம் நான் யோசிக்காதது, நியாயம்தான். ஆனால் மைல் வலயம் என்றால் தூரத்தை அளந்து போட்ட வலயம் போல இருக்கிறது, ஏவியோஸ், கதே பசிபிக் போன்ற தூரப் பட்டியல்களோடு கலந்துவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தானே சொல் தேடுகிறோம். பல திட்டங்களில் மைல் என்ற பேச்சே இல்லை, புள்ளிதான்.

இப்படிச் செய்யலாமா: முதல் தடவை ‘புள்ளிச்செலவு வலயம்’ என்று முழுதாக எழுதுவது, அப்புறம் வெறும் ‘வலயம்’. புறப்படும் வலயமும் போய்ச்சேரும் வலயமும் அல்லாத மூன்றாவது வலயம் ஒன்றின் வழியாக மாறிப் போக விடமாட்டோம் என்று சில திட்டங்கள் போடுகிற விதியையும் ‘மூன்றாம் வலய விதி’ என்று சொல்லிவிடலாம். டெல்டா 2015இலேயே பட்டியலை எடுத்துவிட்டது, யுனைட்டடும் எடுத்துவிட்டது, பட்டியலே இல்லாத இடத்துக்கு வலயம் என்ற சொல் தேவைப்படாது. அங்கே அன்றன்று மாறும் விலை, அவ்வளவுதான்.

எதிர்ப்பு இல்லையென்றால் இதையே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது ‘ஸ்டொப்ஓவர்’. சர்வதேசப் பயணத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றால் அது ஸ்டொப்ஓவர், குறைவென்றால் வெறும் விமான மாற்றம், இரண்டுக்கும் விதி வேறு. இடைத்தங்கல் என்ற சொல்லை இரண்டுக்கும் கலந்து எழுதுகிறார்கள். எதற்கு வைப்பது, மற்றதற்கு என்ன சொல்வது?