மீட்ட தாலிச் செயின், கேஸ் முடியும் வரை கோர்ட்டிலேயே கிடக்குமா?

மலைக்கோட்டை மருமகள்:
பைக்கில் வந்தவர்கள் மாமியாரிடம் பறித்த தாலிச் செயின் கிடைத்துவிட்டது. ஐந்து பவுன், அறுந்து இரண்டு துண்டாக. திருடியவன் அடகுக் கடையில் வைத்திருந்தானாம். ஸ்டேஷனில் கேட்டால், “கோர்ட்டுக்கு அனுப்பியாச்சு, கேஸ் முடிஞ்சாதான் கிடைக்கும்” என்கிறார்கள். எப்போது முடியும் என்றால் சிரிக்கிறார்கள். நகைக்கு பில் கிடையாது. அடகுக் கடைக்காரர் வேறு, பணம் கொடுத்தது நான்தான் என்கிறார். மாமியார் மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். என்ன செய்யலாம்?

பழைய குமாஸ்தா:
மேஜிஸ்திரேட் கோர்ட்டில் ப்ராபர்ட்டி ரூம் சாவியோடு பல வருஷம் உட்கார்ந்தவன் நான். கேஸ் முடியக் காத்திருக்க வேண்டாம்மா. அதே கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவில் மாமியார் பெயரில் மனுப் போடுங்கள். அதற்கு முன்பிருந்த சட்டமான சி.ஆர்.பி.சி.-யில் 451 இதுதான். எஃப்.ஐ.ஆர். எண்ணோடு கோர்ட் சொத்துப் பதிவேட்டு எண்ணையும் எழுதுங்கள். அது இல்லையென்றால் என்னைப் போன்ற ஆள் பெட்டியைத் தேடவே மாட்டான்.

பில் இல்லாவிட்டால் போகட்டும், அந்தக் காலத்து நகைக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? புகாரில் சொன்ன எடையும் முகப்பு டிசைனும் மகஜரோடு (நகையைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய குறிப்பு) ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். செயின் தெரிகிற கல்யாண போட்டோ இருந்தால் அதையும் வையுங்கள்.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டப்படி, பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் கோர்ட் விவரப் பட்டியல் போட வேண்டும், போட்டோவும் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் 30 நாளில் உத்தரவு. எல்லா கோர்ட்டிலும் அப்படியே நடக்கிறதா என்று கேட்காதீர்கள், மனுவில் அந்த வரியைப் போட்டுவிடுங்கள். கூடவே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பு, 2002. குஜராத்தில் ஸ்டேஷனில் இருந்த தங்கத்தை எடுத்துவிட்டுப் போலியை வைத்ததாகப் போலீஸ்காரர்கள் மேலேயே வந்த வழக்கு அது! போட்டோ எடுத்து, கேட்டால் கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நகையை உரியவரிடம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அதில்தான் சொன்னது.

வக்கீல் தம்பி:
ஐயா சொன்னது சரி. அடகுக் கடைக்காரர் ஆட்சேபிக்கலாம், ஆனால் திருடனுக்கே இல்லாத உரிமை அவருக்கு எங்கிருந்து வரும்? ஒன்று மட்டும்: இப்போது கிடைப்பது இடைக்கால ஒப்படைப்பு. இறுதியாக யாருக்கு என்பதை வழக்கு முடியும்போது அதே சட்டத்தின் 498-ஆவது பிரிவில் சொல்வார்கள். அதுவரை விற்கவோ உருக்கவோ கூடாது, கூப்பிட்டால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

மலைக்கோட்டை மருமகள்:
நன்றி ஐயா, நன்றி தம்பி. செயின் கைக்கு வந்ததும் நகை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா?

பழைய குமாஸ்தா:
கேட்காமல் செய்யாதீர்கள். சாட்சிக் கூண்டில் உங்கள் மாமியார் அடையாளம் காட்ட வேண்டிய பொருள் அது. “பழுது பார்க்க அனுமதி வேண்டும்” என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அதுவரை கயிறே இருக்கட்டும்.