வீட்டு ஓவிய அறைக்குத் திறந்த அடுக்கா, மூடிய பீரோவா?

கரையோரத் தூரிகை:
பெசன்ட் நகரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் வீட்டில், பத்துக்குப் பத்தடி அறை ஒன்றை ஓவியத்திற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சென்ற ஐப்பசி மழையில், பரணில் பாலித்தீன் உறையிலிட்டு வைத்திருந்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள்களில் ஒரு கட்டு முழுவதும் கெட்டுப்போனது. மேற்பார்வைக்கு இரண்டு மூன்று பழுப்புப் புள்ளிகள்தாம் தெரிந்தன. ஆனால் நீர்வண்ணத்தைப் பூசியதும் தாள் ஆங்காங்கே மை ஒற்றும் காகிதத்தைப் போல உறிஞ்சிக்கொண்டது. தாளுக்கு ஊட்டியிருந்த ஜெலட்டின் பசையைப் பூஞ்சை தின்றிருக்கிறது. ஆகவே தாள், வண்ணம், தூரிகை அனைத்தையும் கதவுள்ள இரும்பு பீரோவுக்கு மாற்றத் தீர்மானித்திருக்கிறேன். நம் ஊர்த் தூசிக்கும் பல்லிக்கும் உப்புக்காற்றுக்கும் திறந்த அடுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

மாடியறை:
காரணத்தோடே மறுக்கிறேன். உங்கள் தாள் திறந்து கிடந்ததால் கெடவில்லை; ஈரக்காற்றோடு சேர்த்து உறைக்குள் அடைபட்டதால்தான் கெட்டது. மழைக்காலத்தில் பூட்டிய பீரோ, அதிலும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோ, அதே பாலித்தீன் உறையின் பெரிய வடிவம்தான்.

இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். மூன்றாண்டுகள் பீரோ வைத்திருந்து, அதை ஒழித்த நாளில், உள்ளேயிருந்து அல்ட்ராமரின் நீலம் மட்டும் நான்கு குழாய்கள் கிடைத்தன. ஒன்றில் ‘ஃப்ரெஞ்ச் அல்ட்ராமரின்’ என்றும் மற்றொன்றில் ‘அல்ட்ராமரின் டீப்’ என்றும் அச்சிட்டிருந்ததை நம்பி வெவ்வேறு நிறங்கள் என்று வாங்கியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் பி.பி. 29 என்ற ஒரே நிறமிக் குறியீடு இருந்தது. இப்போது குழாய்களின் அடிப்பகுதியைக் கிளிப்பால் கவ்வி, மூடி கீழே இருக்கும்படி சுவர்ப்பலகை ஆணிகளில், தயாரிப்பாளர் இட்ட பெயரைப் பார்க்காமல் குறியீட்டு வரிசையில் தொங்கவிட்டிருக்கிறேன். எது தீர்ந்துவருகிறது என்பது ஓவியம் தாங்கும் சட்டத்தின் (ஈசல்) முன் நின்றபடியே தெரிகிறது.

ஓவியர் பிரான்சிஸ் பேகனின் லண்டன் ஓவிய அறையிலிருந்து டப்ளின் ஹியூ லேன் காட்சியகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்ட பொருள்கள் 7000-க்கும் மேல். எல்லாம் கண்முன் கிடந்த அறையில்தான் அவர் முப்பது ஆண்டுகள் வரைந்தார் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

கரையோரத் தூரிகை:
பேகனை நீங்கள் சாட்சிக்கு அழைத்தது எனக்குத்தான் உதவுகிறது. அவர் 1992-இல் மறைந்தபின் அந்த அறையை இடம் மாற்ற, அகழாய்வாளர்களைக் கொண்டு எது எங்கே கிடந்தது என்று வரைபடம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அறையின் ஒழுங்கு அவர் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. என் அறையிலோ மாலையில் என் மகளும் வரைகிறாள். மேலும், சன்னலோரம் தொங்கும் குழாய்களில் அலிசரின் கிரிம்சன் போன்ற நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடாதா?

மாடியறை:
வெளுக்காது, நண்பரே. உலோகக் குழாய்க்குள் ஒளி புகுவதில்லை; அலிசரின் வெளுப்பது தாளில் பூசிய பிறகுதான். வெயிலுக்கு அஞ்சி மறைக்க வேண்டியவை முடித்த ஓவியங்களே, அவற்றைத்தான் நம்மில் பலர் சன்னலுக்கு எதிரே மாட்டி வைக்கிறோம்.

ஆளிவிதை:
இருவரும் கதவைப் பற்றியே வாதிடுகிறீர்கள். நான் எண்ணெய் வண்ணக்காரன். ஒவ்வொரு பொருளும் எதனால் கெடும், எதனால் கேடு செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான் அதற்கு இடம் ஒதுக்குகிறேன்.

முதலில், யாரும் பேசாத துடைதுணி. எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் உலர்வது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சேரும்போது வெப்பத்தையும் வெளியிடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையிலோ பீரோவின் அடித்தட்டிலோ திணித்துவைத்தால், அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றக்கூடும். கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவையுங்கள். முடியாதென்றால் நீர் நிறைந்த, மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்துங்கள். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனுக்கு இறுக்கமான மூடியும் அடுப்பிலிருந்து தொலைவும் வேண்டும், குழந்தை வரையும் அறையில் அதைப் பூட்டியே வைக்க வேண்டும்; இந்த ஓரிடத்தில் பீரோவின் பக்கம்தான் நான்.

தூரிகை கழுவியதும் நேரே குவளையில் நிமிர்த்தி வைக்கப்பட்டால், நீர் மயிரைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்விக்குள் இறங்கிப் பசையை இளக்குகிறது, மரப்பிடியும் ஊதுகிறது. படுக்கவைத்து உலர்த்திய பின்பே குவளைக்குப் போக வேண்டும். இயற்கை மயிர்த் தூரிகைகளை நெடுநாள் தொடாமல் வைப்பதாக இருந்தால் பூச்சி அரிக்கும். அவற்றுக்கு மூடிய பெட்டிதான்.

மாடியறை:
துடைதுணி பற்றிச் சொன்னதை மறுக்க முடியவில்லை. என் கூடையை இன்றே காலி செய்கிறேன். ஆனால் தாளுக்கு என்ன தீர்ப்பு?

ஆளிவிதை:
தாளைப் படுக்கவைக்க வேண்டும், தரையைத் தொடாமல். 2015 டிசம்பர் வெள்ளத்தை எண்ணிப் பார்த்தால், தரைத்தளத்தில் இருப்பவர்கள் கட்டிலடியில் தாளை வைக்கமாட்டார்கள். ஒட்டுப்பலகையின் அமிலமும் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், பலகைக்கும் தாளுக்கும் நடுவே அமிலமற்ற அட்டை வேண்டும். இராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும். மாதம் ஒருமுறை கட்டைப் பிரித்து உதறுவதைவிட எளிய காவல் எனக்குத் தெரியவில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவீர்களானால், நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்ட பின் அது வெறும் மணல்தான். சூடாக்கி நீலம் திரும்பிய பிறகே மீண்டும் வைக்க வேண்டும்.

கரையோரத் தூரிகை:
நேற்றிரவு பீரோவை அளந்து பார்த்தேன். ஆழம் 18 அங்குலம். முழுத்தாளோ 22-க்கு 30 அங்குலம். மடிக்காமலும் சுருட்டாமலும் அது உள்ளே போகவே போகாது என்பதை, இத்தனை வாதத்திற்கும் முன்பே ஒரு டேப் சொல்லியிருக்கும். ஆகவே டர்பன்டைனும் நல்ல தூரிகைகளும் பீரோவுக்குப் போகின்றன. முழுத்தாள்களுக்கு, உட்சுவரில் இடுப்புயரத்தில் 24 அங்குல ஆழத்துக்கு ஒரு தட்டு அடிக்கச் சொல்லி ஆசாரியிடம் பேசியிருக்கிறேன். குழாய்களை ஆணியில் தொங்கவிடுவதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. பல்லி நடமாடும் சுவரில் அவை தொங்குவதைவிட, மூடியுள்ள அஞ்சறைப்பெட்டி போன்ற ஒன்றில் குறியீட்டு வரிசையில் இருப்பதே மேல்.

மாடியறை:
அஞ்சறைப்பெட்டியில் ஐந்து நிறம் அடங்கும். உங்களிடம் இருப்பவை எத்தனை?

கரையோரத் தூரிகை:
முப்பத்தொன்று. அவற்றில் எத்தனை பி.பி. 29 என்று இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.