பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வது? எங்கே கற்றுக்கொள்வது?

வயற்காட்டான்:
மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சென்ற சம்பா அறுவடையில் பக்கத்து வயலில் வேலை செய்தவரைப் பாம்பு தீண்டிவிட்டது. ஒருவர் துண்டைக் கிழித்து முழங்காலுக்கு மேல் இறுகக் கட்டினார், ஒருவர் மிளகை மெல்லச் சொன்னார், இன்னொருவர் பிளேடு தேடினார். ஆள் பிழைத்துவிட்டார். இதில் எது சரி? முறையாகக் கற்றுக்கொள்ள வழி உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, மூன்றுமே தவறு. இறுகக் கட்டினால் ரத்தம் போகாமல் கால் அழுகலாம். கீறினால், கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மிளகு காரமாகத் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்பதெல்லாம் கதை.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோலக் காலோடு ஒரு கட்டையை வைத்து, இறுக்காமல் துணி சுற்றுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். பாம்பை அடித்துத் தூக்கி வர வேண்டாம். எங்கள் வார்டில் ஒருவர் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், உயிரோடு!

கட்டுவிரியன்தான் எனக்குப் பயம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, கடிவாயும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, பிறகு இமை தூக்க முடியாமல் போனால், அஜீரணம் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்து மூச்சு நிற்கும்.

கருவை நிழல்:
என் தாத்தா பச்சிலை கொடுத்தே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். அதை என்ன சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற செவிலியர்:
ஐயா, சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தவர்கள் எந்தப் பச்சிலைக்கும் பிழைப்பார்கள். நாகமே சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். அந்தக் கணக்கெல்லாம் தாத்தா பெயரில் சேர்ந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலும் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டாலோ, இமை தூக்க முடியாமை போன்ற அறிகுறி தெரிந்தாலோ விஷமுறிவு மருந்து. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்:
அக்கா சொல்வதோடு ஒன்று. விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அழைக்கும்போது வயலின் பெயரைச் சொன்னால் எங்களுக்குத் தெரியாது. மதகு, கோவில், ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லி, சாலைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள்.

வயற்காட்டான்:
நன்றி. பயிற்சி?

ஓய்வுபெற்ற செவிலியர்:
செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. மாவட்டக் கிளையில் கேளுங்கள். போகும்போது நடவுக்கு வரும் பெண்களில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வயலில் நாள் முழுவதும் இருப்பது அவர்கள்தான்.