ஏற்காடு ஏற்றத்தில் சைக்கிளின் பின் கியர் ஒழுங்காக விழ மாட்டேன் என்கிறது, கேபிளை இறுக்கித் தளர்த்துகிற பேரலைத் திருகித் திருகி அலுத்துவிட்டது

கொண்டைஊசி_20:

எல்லோருக்கும் வணக்கம். அஸ்தம்பட்டியில் இருந்து ஞாயிறு காலையில் ஏற்காடு ஏறுகிற பழக்கம். வண்டி சாதாரண எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 8 (இனி சுருக்கமாகப் பல்). கொஞ்ச நாளாகப் பின் கியர் படுத்துகிற பாடு தாங்க முடியவில்லை.

பெரிய பல் பக்கம் ஏற்றினால் ஏறிவிடுகிறது. ஆனால் கடைசி இரண்டு பெரிய பல்லில் கடகடவென்று சத்தம், அதோடு டிக் டிக் என்று எதுவோ ஸ்போக்கில் உரசுகிறது. சின்னப் பல் பக்கம் இறக்கும்போது ஒரு கிளிக்குக்கு அசையவே அசையாது, இரண்டாவது கிளிக் போட்டால் இரண்டு பல் சேர்ந்தாற்போல் குதிக்கும். நடுவில் நாலாவது பல்லில் எழுந்து நின்று மிதித்தால் செயின் வழுக்கி முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது, வளைவில் பின்னால் பஸ் வரும்போது இது நடந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடையில் கொடுத்தேன். கேபிள், அவுட்டர் (கேபிள் ஓடுகிற உறை), செயின் எல்லாம் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். ஸ்டாண்டில் மாட்டிக் காட்டும்போது எட்டும் சுத்தமாக விழுகிறது. கோரிமேடு தாண்டுவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பக் கொண்டுபோனால் பேரலை இரண்டு சுற்றுத் திருகிவிட்டு "இப்ப பாருங்க சார்" என்கிறார்கள். டீரெய்லரையே (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற பாகம்) மாற்றிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? இன்னொரு விஷயம், போன மழைக்காலத்தில் நாகலூர் பக்கம் காபித் தோட்டப் பாதையில் ஓட்டிவிட்டு வண்டியைக் குட்டி யானையில் படுக்கப் போட்டுத்தான் கீழே கொண்டுவந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_செயின்:

கேபிள் புதுசு என்றால் இழுபடத்தான் செய்யும் ப்ரோ. பேரலை வெளிப்பக்கமாக அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகிப் பாருங்கள், சரியாகிவிடும். டீரெய்லரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

மாமாங்கம்_வெள்ளைக்கல்:

பேரலைத் திருகினால் தீர்கிற விஷயம் என்றால் அவர் ஏன் இவ்வளவு நீளத்துக்கு எழுதப்போகிறார்? தேங்காய் எண்ணெயும் வேண்டாம். எங்கள் பக்கம் பறக்கிற வெள்ளைத் தூசி அதில் ஒட்டினால் நாலு நாளில் சாந்து மாதிரி இறுகிவிடும்.

நண்பரே, டீரெய்லரை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது. பெரிய பல்லுக்கு ஏறுகிறது, சின்னதுக்கு இறங்கத் தயங்குகிறது என்கிறீர்கள். ஏற்றுவது உங்கள் கட்டைவிரல், எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அழுத்தித் தள்ளிவிடலாம். இறக்குவது டீரெய்லருக்குள் இருக்கிற ஸ்பிரிங் மட்டும்தான், அதற்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் கேபிள் வழியில் எங்காவது பிடிமானம் இருந்தால் முதலில் கெடுவது இறங்குகிற திசை. பேரலைத் திருகி இதைச் சரிசெய்யவே முடியாது. கேபிளைத் தளர்த்தினால் இறங்கும், உடனே ஏறுவது கெடும். இறுக்கினால் ஏறும், இறங்காது. இரண்டுக்கும் நடுவே ஒத்துவருகிற இடம் என்று ஒன்று கிடைக்காமலே அலைவீர்கள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பின் கியரைப் பெரிய பல்லில் வைத்துவிட்டு, பெடலைச் சுற்றாமல் ஹேண்டிலில் இருக்கிற ஷிஃப்டரைச் சின்னப் பல் வரை கிளிக் செய்துகொண்டே போங்கள். கேபிள் தொய்ந்துவிடும். ஃப்ரேமில் அவுட்டர் உட்கார்ந்திருக்கிற குமிழில் வெட்டு இருந்தால் அவுட்டரை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். எடுத்ததும் உள் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தன் பாட்டுக்கு ஓட வேண்டும். எந்தத் துண்டில் சொரசொரவென்று பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் டீரெய்லருக்குப் போகிற கடைசி வளைவுத் துண்டுதான். தாழ்ந்த இடம் என்பதால் தண்ணீரும் செம்மண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். வெட்டிய முனையும் நசுங்கியிருக்கலாம், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழாயை ஊசியால் விரித்துவிட்டு முனையை அரத்தால் சமமாகத் தேய்த்துவிடுங்கள்.

ஸ்டாண்டில் விழுகிறது, ரோட்டில் விழவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கடையில் போட்டது கியர் அவுட்டரா, பிரேக் அவுட்டரா? வெளியே பார்க்க இரண்டும் ஒரே கருப்புதான், கியருக்கு உரியது பெரும்பாலும் 4 மி.மீ., பிரேக்குக்கு 5 மி.மீ. முனை மூடியைக் கழற்றிப் பாருங்கள். கியர் அவுட்டர் என்றால் துடைப்பக்கட்டின் அடியைப் பார்ப்பதுபோல் மெல்லிய கம்பி முனைகள் வட்டமாக நெருங்கி நிற்கும், எல்லாம் நீளவாக்கில் ஓடுகிற கம்பிகள். பிரேக் அவுட்டரில் ஒரே தட்டைக் கம்பி சுருள் சுருளாக ஓடும். அந்தச் சுருள் அழுத்தத்தில் லேசாகச் சுருங்கும், ஹேண்டிலைத் திருப்பினாலும் அதன் நீளம் மாறும். பிரேக்குக்கு அது பரவாயில்லை. கியருக்கு ஆகாது. ஷிமானோ 8 ஸ்பீடில் ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் இழுப்பது சுமார் 2.8 மி.மீ., அதைக்கொண்டு டீரெய்லர் 4.8 மி.மீ. நகர்ந்து அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். கேபிளில் ஒரு மி.மீ. தொலைந்தாலே டீரெய்லர் 1.7 மி.மீ. தள்ளி நிற்கும், செயின் இரண்டு பல்லுக்கும் நடுவில் தத்தளிக்கும். ஸ்டாண்டில் ஹேண்டில் திரும்புவதுமில்லை, கால் பலம் செயினில் விழுவதுமில்லை, அதனால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

காபித்தோட்டம்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஸ்போக்கில் டிக் டிக் என்று உரசுவதற்கு அவுட்டர் காரணமாகாது. குட்டி யானையில் படுக்கப் போட்டோம் என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, எந்தப் பக்கம் கீழே இருந்தது? கியர் இருக்கிற வலப்பக்கம் என்றால் ஹேங்கர் (டீரெய்லரை ஃப்ரேமில் மாட்டுகிற துண்டு) வளைந்திருக்கும் என்று என் தலையை அடகு வைப்பேன். அந்த அலுமினியத் துண்டை வளையட்டும் என்றேதான் வைத்திருக்கிறார்கள், ஃப்ரேம் தப்பிக்க வேண்டும் என்பதற்காக.

சின்னப் பல் பக்கம் சரியாக வைத்தால் பெரிய பல் பக்கம் தப்பும், பெரியதைச் சரிசெய்தால் சின்னது தப்பும். இப்படி இருந்தால் முதலில் ஹேங்கரைப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, செயின் பல்லில் இருந்து டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்கள் வழியாக நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் வளைவு கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். லேசான வளைவு கண்ணுக்குப் பிடிபடாது.

அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. குவிக் ரிலீஸ் (நெம்புகோலைத் திறந்து கழற்றுகிற) வகைப் பின்சக்கரத்தின் ஆக்சில் 10 மி.மீ., மரையின் இடைவெளி 1 மி.மீ. டீரெய்லர் மாட்டுகிற ஓட்டையின் மரையும் அதேதான். டீரெய்லரை 5 மி.மீ. அல்லன் கீயால் கழற்றிவிட்டு, நண்பர் யாரிடமாவது ஒரு பின்சக்கரம் வாங்கி அதன் ஆக்சிலை ஹேங்கரில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். இப்போது இரண்டு சக்கரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேல், கீழ், முன், பின் என நாலு இடத்தில் ரிம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். ஒரே அளவு வராவிட்டால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெதுவாக வளைத்து நேராக்கலாம். அலுமினியம் ஒரு தடவை பொறுக்கும், திரும்பத் திரும்ப வளைத்தால் கீறல் விட்டுவிடும். அதனால் புது ஹேங்கர் ஒன்று கையில் இருப்பது நல்லது, வண்டிக்கு வண்டி வடிவம் வேறு என்பதால் பழையதைக் கழற்றி ஓட்டையோடு ஓட்டை வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதுவரை பெரிய பல்லில் போட்டு மலை ஏறாதீர்கள், ப்ளீஸ். டீரெய்லர் ஸ்போக்குக்குள் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், டீரெய்லர், ஹேங்கர், ஸ்போக் எல்லாம் ஒரே நேரத்தில் காலி. பெரிய பல் பக்கம் டீரெய்லர் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்துகிற எல் ஸ்குரூவை உள்ளே திருகி அந்தப் பல்லையே தடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்குரூவால் நடுக் கியர்கள் சரியாகாது, கடைசி எல்லையை மட்டும்தான் அது காக்கும்.

கொண்டைஊசி_20:

இரண்டு பேருக்கும் கும்பிடு. தலையை அடகு வைக்க வேண்டியதில்லை, வலப்பக்கம்தான் கீழே இருந்ததாம், ஏற்றிய தம்பியிடம் கேட்டுவிட்டேன்.

ஹேண்டில்பாரில் இருந்து வருகிற துண்டு கியர் அவுட்டர்தான். டீரெய்லருக்குப் போகிற கடைசித் துண்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே சுருள்! பிரேக் அவுட்டரில் மிச்சம் இருந்த துண்டை வெட்டி மாட்டியிருக்கிறார்கள், அதுவும் குட்டையாக, அதனால் டீரெய்லருக்குள் நுழைகிற இடத்தில் மடங்கியே நின்றது. கியர் அவுட்டர் வாங்கி விரல் நீளம் கூட விட்டுப் போட்டேன். கம்பி இப்போது தானாக ஓடுகிறது.

பக்கத்து வீட்டுச் சக்கரத்தை மாட்டி ஹேங்கரையும் அளந்தோம். ஒரு பக்கம் ஒரு விரல் இடைவெளி, எதிர்ப்பக்கம் மூன்று விரல். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நேராக்கும்போது எங்கே ஒடிந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது, ஒடியவில்லை. ஏரி வரை ஏறி வந்துவிட்டேன், எட்டும் விழுகிறது, ஸ்போக் சத்தமும் இல்லை.

ஒன்றுதான் பாக்கி. நாலாவது பல்லில் எழுந்து மிதித்தால் இன்னும் வழுக்குகிறது. செயின் புதுசுதானே, அப்புறம் ஏன்?

மாமாங்கம்_வெள்ளைக்கல்:

செயின் புதுசு என்பதால்தான். பழைய செயின் நீண்டு நீண்டு பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும், அதன் மேல் புதுச் செயின் உட்காராது. மலைக்கு ஏறுகிறவர்கள் ஒன்றிரண்டு பல்லையேதான் பிடித்துத் தொங்குவோம், உங்களுக்கு அது நாலாவது. இதற்கு ட்யூனிங் கிடையாது, கேசட் (பின்னால் இருக்கிற பல் தொகுப்பு) மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனிமேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு செயினை அளந்துவிடுங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 கண்ணி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடிவிட்டால் செயினை மட்டும் மாற்றினால் போதும், கேசட் பிழைத்துக்கொள்ளும். 1/8 வரை விட்டுவிட்டால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் செலவு.

வாங்குவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஸ்பீடிலும் சில வண்டிகளில் கேசட்டுக்குப் பதில் சக்கர நடுவில் இருக்கிற ஹப்பின் மரையிலேயே திருகிய ஃப்ரீவீல் இருக்கும். பல்லைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி போடுகிற வெட்டுள்ள வளையம் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், அது நின்றுகொண்டே இருந்தால் ஃப்ரீவீல். கழற்றுகிற கருவியும் வேறு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் மாட்டாது.